ஹாப்ஸ் தூக்கலான மெர்ட்சன் பீரைச் சுவைப்பது எப்படி

செப்டம்பர் வந்தால் கோலாலம்பூரில் கொஞ்சம் பெரிய பீர் கடைகளில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட டின்களும் பாட்டில்களும் வரிசை கட்டிவிடும். தீபாவளி வரைக்கும் இருக்கும், அப்புறம் மிச்சம் இருப்பது மலிவு விலைக்குப் போகும். அந்த வரிசையில் ஜெர்மன்காரர்களின் இலையுதிர்கால லாகரான (குளிர்ச்சியில் நிதானமாகப் புளிக்கும் பீர் வகை) மெர்ட்சனோடு, அதே மெர்ட்சனை எடுத்து ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) அள்ளிப் போட்டுச் சிறு ஆலைக்காரர்கள் செய்த கிராஃப்ட் பீரும் ஒன்றிரண்டு தென்படும். விலையைப் பார்த்தால் அந்தக் காசுக்கு பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சோறு ஒரு பிடி பிடித்துவிட்டு வரலாமே என்று தோன்றும். அவ்வளவு வெள்ளி கொடுத்து வாங்கி, ஐஸ் கட்டி போட்டு மடக்கு மடக்கென்று குடித்துவிட்டு, "கசக்குது மச்சான்" என்று டின்னை நசுக்கிப் போடுவதற்கு டைகரே போதும்.

முதலில் மெர்ட்சன் என்ன என்று கொஞ்சம். பவேரியாவில் 1553இல் போட்ட ஆணைப்படி ஏப்ரல் 23இலிருந்து செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது, வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதால். அதனால் மார்ச் மாதத்தில் கொஞ்சம் கனமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் கோடை முழுக்கக் கிடத்தி வைத்துக் குடித்தார்கள். இன்று நாம் மெர்ட்சன் என்று சொல்கிற செம்பழுப்பு லாகருக்கு மூனிக்கின் ஷ்பாட்டன் ஆலையின் காப்ரியேல் ஸெட்ல்மையர் 1841இல் உருவம் கொடுத்தார். மூனிக்கின் பீர் திருவிழாவான அக்டோபர்ஃபெஸ்டில் 1872இல் அது பேர் வாங்கியது. இதில் ஒரு வேடிக்கை, இப்போது மூனிக் திருவிழாக் கூடாரங்களில் ஊற்றுவது பெரும்பாலும் பொன்னிறத்தில் லேசாக இருக்கும் வேறு பீர். செம்பழுப்பு மெர்ட்சனைப் பிடித்துக்கொண்டு இருப்பவர்களில் அமெரிக்க கிராஃப்ட்காரர்கள் முக்கியமானவர்கள்.

மெர்ட்சனின் உயிர் மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில் இருக்கிறது. மூனிக் மால்ட், வியன்னா மால்ட் என்று லேசாக வறுபட்ட பார்லி, அதிலிருந்து வரும் ரொட்டி ஓரத்து வாசனை, ஆனால் முடிவில் இனிப்பு நிற்காமல் வறண்டு போகும் வாய். ஆல்கஹால் சுமார் 5.8இலிருந்து 6.3 சதவீதம். கசப்பு அளவு பொதுவாக 18இலிருந்து 24 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு), அதாவது குறைவு, ஹாப்ஸ் பின்னணியில் இருந்துகொண்டு இனிப்பைத் திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். கிராஃப்ட்காரர்கள் இந்தக் கணக்கைத்தான் கலைக்கிறார்கள். கொதிக்கும்போது கூடுதலாகப் போட்டால் கசப்பு ஏறும், புளித்து முடிந்த பிறகு குளிர்ந்த பீரில் ஊறப்போட்டால் கசப்பு பெரிதாக ஏறாமல் மணம் மட்டும் ஏறும். ஆகவே நீங்கள் சுவைக்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இவ்வளவு ஹாப்ஸுக்கு அடியில் மெர்ட்சன் இன்னும் இருக்கிறதா, இல்லையா?

அதற்கு ஒன்றை வாங்கினால் பத்தாது, இரண்டு வேண்டும். ஹாப்ஸ் தூக்கலானது ஒன்று, பக்கத்தில் வைத்துப் பார்க்க நேர்மையான மெர்ட்சன் ஒன்று. ஹாக்கர் ப்ஷோர், அயிங்கர், பௌலானர் மூன்றுமே மெர்ட்சன் போடுகின்றன. லேபிளில் அக்டோபர்ஃபெஸ்ட் என்று மட்டும் பார்த்து எடுக்காதீர்கள், உள்ளே பொன்னிறமாக இருக்கலாம், மெர்ட்சன் என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகர் ஓரளவு சமாளிக்கும், அதுவும் மெர்ட்சனுக்கு உறவான வியன்னா லாகர் வகைதான். கார்ல்ஸ்பெர்க்கைப் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் தெரியாது, அதில் ஒப்பிட அந்த வறுத்த மால்ட் இல்லை.

தேதியில் கறாராக இருங்கள். ஹாப்ஸ் மணம் மூன்று மாதத்துக்குள் மங்கத் தொடங்கிவிடும், அதுவும் கப்பலில் கொள்கலனுக்குள் வெந்து, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, கடையில் குளிரூட்டாத அலமாரியில் உட்கார்ந்திருந்தால் சொல்லவே வேண்டாம். டின்னின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அமெரிக்க டின் என்றால் 08/07 என்பது ஆகஸ்ட் 7, நம் ஊர்க் கணக்கில் ஜூலை 8 என்று படித்துவிடாதீர்கள். சிலர் அடைத்த தேதியைப் போடுவார்கள், சிலர் காலாவதித் தேதியை, இரண்டையும் குழப்பிக்கொண்டால் போச்சு. ஒரே பீர் பாட்டிலிலும் டின்னிலும் இருந்தால் டின்னை எடுங்கள். பாட்டிலில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் சேர்மங்கள் உடைந்து ஒரு கெட்ட நாற்றம் வரும், பச்சைப் பாட்டிலில் இன்னும் வேகமாக வரும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விளக்கு வெளிச்சத்தில் மாதக்கணக்கில் நின்ற பாட்டில் எனக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. ஐஸ் போடக் கூடாது. காப்பிக் கடையில் பெரிய பாட்டில் பீருக்கு ஐஸ் போட்டுப் பழகிய கை நமக்கு, அந்தப் பீருக்கு அது பரவாயில்லை, இதற்கு ஆகாது, தண்ணீர் கலந்தால் முதலில் காணாமல் போவது மால்ட்தான். உறைய வைத்த மக்கும் வேண்டாம். பிரிட்ஜிலிருந்து எடுக்கும்போது பீர் 4 டிகிரி இருக்கும், நமக்கு வேண்டியது 7இலிருந்து 10 டிகிரி. மூனிக்கில் எப்படியோ, நம் ஊர் வெக்கையில் மேசைமேல் பத்து நிமிடம் வைத்தால் வந்துவிடும், பினாங்கில் மத்தியான வேளையில் மொட்டை மாடியில் என்றால் அதற்கும் முன்னாலேயே. ஒரு லிட்டர் குடுவை படத்துக்குத்தான் அழகு. வாய் குறுகிய ஒயின் கிளாஸ் போதும். சோப்பு வாடை போக நன்றாக அலசியிருக்க வேண்டும். ஊற்றிய பிறகு கிளாஸின் உள்சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று அர்த்தம். சாய்த்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை வரட்டும்.

நிறத்தில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். செம்பு நிறமா, தேன் நிறமா, பார்த்துவிட்டு நகருங்கள். ஹாப்ஸ் ஊறவைத்தது லேசாகக் கலங்கியிருந்தால் குற்றமில்லை.

மணம் பார்க்கும் இடத்தில் ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, மல்லிகை, அடுப்பில் சம்பல் எதுவும் இருக்கக் கூடாது, நம் வீடுகளில் இது சொல்வதைவிடக் கஷ்டம். முதலில் சாதா மெர்ட்சனை முகருங்கள், குட்டிக் குட்டியாக, நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி. ரொட்டி ஓரம், வறுத்த மாவு, சில சமயம் பிஸ்கட். உடனே மற்றதை எடுங்கள். கிளாஸ் வாயை உள்ளங்கையால் மூடி ஒரு சுற்றுச் சுற்றி, கையை எடுத்து முகர்ந்தால் ஹாப்ஸ் முந்திக்கொண்டு வரும். தம்புன் பொமெலோ தோலைக் கிள்ளியதுபோல வந்தாலோ, பைன் பிசின் வந்தாலோ அமெரிக்க ஹாப்ஸ், கேஸ்கேடோ சென்டேனியலோ சிட்ராவோ. பூ, வைக்கோல், மிளகு, காய்ந்த மூலிகை என்று அடங்கி வந்தால் ஜெர்மன் ஹாப்ஸ், ஹாலர்டாவோ டெட்னாங்கோ. கமலா ஆரஞ்சு வாடை என்றால் மண்டரினா பவேரியாவாக இருக்கலாம், அது 2012இல் வெளிவந்த ஜெர்மன் ரகம். பெயரைச் சரியாகச் சொல்வது முக்கியமில்லை. அந்த முதல் அலை அடங்கின பிறகு அடியில் ரொட்டி வாசனை எட்டிப் பார்க்கிறதா, அதைக் கவனியுங்கள்.

முதல் வாய் வாயைக் கழுவ, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது வாய்க்கு நிதானமாக ஒரு மடக்கு எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பாதிச் சுவை அந்த மூச்சில்தான் இருக்கிறது. வந்த வரிசையை மனதில் வையுங்கள்: முதலில் வந்தது மால்ட்டா ஹாப்ஸா, நடுவில் யார் இருந்தார்கள், கடைசியில் நாக்கில் தங்கியது எது. நல்ல ஹாப்ஸ் மெர்ட்சனில் மால்ட் முதலில் வரும், ஹாப்ஸ் நடுவில் எழும்பும், முடிவில் இரண்டும் சேர்ந்து வறண்டு போகும், கை தானாக அடுத்த மடக்குக்குப் போகும். கசப்பு மட்டும் நாக்கின் அடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால் அது செம்பழுப்பு நிறத்தில் ஒரு ஐபிஏ, அதாவது ஹாப்ஸ் கசப்பே தூக்கலான வேறு வகை பீர். அதற்கு ஐபிஏவே வாங்கியிருக்கலாமே. இன்னொரு பக்கம், கேரமல் மால்ட்டைக் கொட்டி இனிப்பாக்கி அதன்மேல் சிட்ரஸ் ஹாப்ஸ் போட்டவையும் உண்டு, குடித்தால் அமெரிக்க ஆம்பர் ஏல் (லாகரல்லாத செம்பழுப்பு பீர்) மாதிரி இருக்கும், லாகருக்குரிய சுத்தமான முடிவு இருக்காது. என் ஓட்டு ஜெர்மன் ஹாப்ஸை ஊறவைத்தவற்றுக்கு, சிட்ரா போட்டது முதல் கிளாஸுக்குக் கொண்டாட்டம், இரண்டாவதில் மால்ட்டோடு சண்டை.

பாதிக் கிளாஸ் தீர்ந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். பீர் 12 டிகிரிக்கு வரட்டும். சூடு ஏற ஏற மால்ட் விரியும், ஹாப்ஸின் மினுமினுப்பு குறையும், உண்மை அப்போது தெரியும். வெங்காயம் பூண்டு வாடை, பச்சைப் புல், ஊறிப்போன கிரீன் டீயின் துவர்ப்பு வந்தால் ஹாப்ஸை அளவுக்கு மீறிப் போட்டோ அதிக நாள் ஊறவிட்டோ கெடுத்திருக்கிறார்கள். வெண்ணெய் வாடை வந்தால் புளித்தல் சரியாக முடியவில்லை. வேகவைத்த சோள வாடையும் குறைதான். ஈர அட்டைப்பெட்டி வந்தால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. தீக்குச்சி உரசியதுபோல லேசாகக் கந்தகம் வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், லாகரில் வரும், இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

சாப்பாட்டை முதல் கிளாஸுக்குப் பிறகு வையுங்கள். காரம் சாப்பிட்ட நாக்கில் கசப்பு காரத்தைக் கிளறிவிடும், ஆகவே நாசி கண்டார் குழம்புக்கு இந்தப் பீர் பொருந்தாது. தீயில் வாட்டியது, தோல் மொறுமொறுப்பாக வறுபட்டது எதுவானாலும் பொருந்தும்: சாத்தே, தந்தூரிக் கோழி, பன்றி சாப்பிடுகிறவர்களுக்குச் சீனர் கடை வறுத்த பன்றி. சும்மா கொறிக்கக் கச்சாங் பூத்தே, அதில் காரம் போடாத கடலையைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பினாங்கில் மலேசிய ஜெர்மன் சங்கம் நடத்தும் அக்டோபர்ஃபெஸ்டுக்குப் போனால் கூட்டமும் பாட்டும் நல்லா இருக்கும், மேலே சொன்ன மாதிரி சுவைத்துப் பார்க்க அது இடமில்லை. எங்கே குடித்தாலும் வீடு திரும்ப கிராப் கார் எடுங்கள், சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவர் ரத்தத்தில் ஆல்கஹாலுக்கு அனுமதி 100 மில்லிக்கு 50 மில்லிகிராம்தான், 6 சதவீத பீர் அங்கே சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடும். மேசையில் 21 வயது ஆகாத தம்பி யாராவது இருந்தால் அவருக்கு ஊற்றாதீர்கள், 21 ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது 2017 டிசம்பரிலிருந்து விதி.

மிச்ச டின்களைப் பிரிட்ஜிலேயே வையுங்கள், வெளியே அலமாரியில் அடுக்காதீர்கள். மறந்துபோய் மணம் செத்துவிட்டால் கொட்ட வேண்டாம், குளிர்ந்தபடியே மாவில் கலந்து இறால் பொரியுங்கள், மேலோடு நன்றாக முறுகும். மட்டன் பெரட்டலில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சுண்டச் சுண்டக் கசப்பும் சேர்ந்து சுண்டி, கறியை வாயில் வைக்க முடியாது.