கை அசையும்போது அலை அடங்கும்: ஈஈஜி பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவதுதான் ஈஈஜி. அதில், கையை அசைத்தால் மூளை அலை எகிறும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். கை சும்மா கிடக்கும்போதுதான் இயக்கப் புறணியின் (அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி) மேல் மியூ (8–13 ஹெர்ட்ஸ்), பீட்டா (13–30 ஹெர்ட்ஸ்) அலைகள் ஓங்கி நிற்கின்றன. தன்னிச்சையாக விரலை அசைப்பவரிடம், அசைவுக்குச் சுமார் 2 விநாடி முன்பே மியூ அடங்கத் தொடங்கிவிடும். ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒரே தாளத்தில் இருந்தால் அலை பெரிதாகத் தெரியும். தனித்தனி வேலையில் இறங்கினால் தாளம் கலையும். அலை சிறுத்ததை மூளை ஓய்ந்ததாகப் படிப்பதுதான் முதல் தவறு.

தலையின் பின்புறத்தில் எழும் ஆல்ஃபா அலைக்கும் மியூவின் அதே அதிர்வெண்தான். அது கசிந்து, இயக்கப் புறணியின் மேல் இடமும் வலமுமாக ஒட்டும் சி3, சி4 மின்முனைகளுக்கும் வரும். கண்ணைத் திறந்ததும் குறைந்தால் ஆல்ஃபா. கண் திறந்திருந்தும் நின்று, கையை மடக்கியதும் குறைந்தால் மியூ. இந்தச் சின்னச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் கவனம் சிதறியதைக் கையசைவு என்று அறிவித்துவிடுவார்கள்.

அதிகம் பேர் வழுக்கி விழுவது ஒப்பீட்டுக்கு எடுக்கும் ஓய்வு நேரத்தில். கை நின்ற ஒரு விநாடிக்குள் பீட்டா ஓய்வு நிலையையும் தாண்டி எழும். தணியச் சில விநாடிகள் ஆகும். அது தணியும் முன்பே அடுத்த முயற்சியைத் தொடங்கினால், நீங்கள் 'ஓய்வு' என்று அளப்பது உண்மையில் அந்த எழுச்சி. அலை எவ்வளவு குறைந்தது என்ற சதவீதத்தை ஓய்வோடு ஒப்பிட்டே கணக்கிடுவதால், பீட்டாவின் வீழ்ச்சி இல்லாத அளவுக்குப் பெரிதாகத் தோன்றும். மாறாக, 'அசை' என்று சொல்லும் சைகை ஒரே இடைவெளியில் வந்துகொண்டிருந்தால் ஆள் முன்கூட்டியே தயாராகிவிடுவார், ஓய்வு அளவே தாழ்ந்துபோகும். இரண்டுக்கும் மருந்து ஒன்று: இடைவெளியை நீட்டுங்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றுங்கள்.

கணக்கிலும் ஒரு பொறி உண்டு. எல்லா முயற்சிகளின் மூல அலைகளையும் கூட்டிச் சராசரி எடுத்தால், ஏற்ற இறக்கம் முயற்சிக்கு முயற்சி ஒத்துப்போகாத மியூ ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு முயற்சிக்கும் அலையின் திறனை (பவர்) கணக்கிட்ட பிறகே சராசரி.

வலக்கை என்றால் இடப்பக்கம் மட்டும் என்பதும் பாதி உண்மை. தயாராகும் கட்டத்தில் எதிர்ப்பக்கம் தூக்கலாகத் தெரியும். அசையும்போது இரு பக்கமும் அடங்கும்.

தாடையை இறுக்குவதைச் சொல்லவே வேண்டாம், தசை மின்னோட்டம் பீட்டாவை மூழ்கடித்துவிடும்.

கையசைவைக் கற்பனை மட்டும் செய்யச் சொல்பவர்களுக்கு: 'கையை மனதில் பாருங்கள்' என்றால் படம்தான் ஓடும். 'விரல் மடங்குவதை உள்ளுக்குள் உணருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள், அலை அடங்குவது தெளிவாகத் தெரிய வாய்ப்பு அதிகம். முன்கையிலும் ஒரு மின்முனை ஒட்டுங்கள். கற்பனை செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே விரலை அசைப்பவர்கள் நிறையப் பேர்.