"பூட்டிதானே இருக்கு?": டூல் டிராலியை இடம் மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன மாதம் குலசேகரம் பக்கம் புதிதாக ஒர்க்‌ஷாப் போடும் ஒரு பையனுக்கு உதவப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் ஏழு டிராயர் டூல் டிராலியை, அதாவது ஸ்பேனர் சாமானெல்லாம் வைக்கும் சக்கரப் பெட்டியை, குட்டியானை மினி லாரியில் ஏற்றி, நைலான் கயிற்றை இரண்டு சுற்று சுற்றிக் கட்டியிருந்தான். டிராயர் நிறைய சாமான்.

"காலி பண்ணலையா மக்களே?" என்றேன்.

"பூட்டிதானே இருக்கு அண்ணாச்சி" என்றான்.

11 வருடத்துக்கு முன்னால் மார்த்தாண்டத்தில் நான் சொன்ன அதே வார்த்தை. சிரிப்பு வரவில்லை, வெப்ராளம்தான் வந்தது.

மழைக்குத் தார்ப்பாய் போடு, வண்டிக்கு மிஞ்சிய பாரம் ஏற்றாதே என்பதையெல்லாம் எழுதப்போவதில்லை. ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று என்று பார்க்கும் மாவட்டத்தில் இருந்துகொண்டு தார்ப்பாயைப் பற்றிச் சொல்லித்தரத் தேவையில்லை.

பூட்டை நம்பி, சாமானோடு ஏற்றுவது

அன்று நான் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் பார்வதிபுரத்துக்குக் கடையை மாற்றிக்கொண்டிருந்தேன். சுமார் 30 கிலோமீட்டர். டிராலி காலியாக 50 கிலோ இருக்கும். சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர், புல்லர், ஏர் கன் எல்லாம் சேர்ந்தால் 170. காலி பண்ண ஒரு மணி நேரம், திரும்ப அடுக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்பட்டு, பூட்டைத் திருகிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு தடவை டிராயரை வெளியே எடுத்துவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். சாவியைத் திருப்பினால் மெல்லிய தகட்டுப் பட்டை ஒன்று மேலும் கீழும் நகரும். அதில் இருக்கும் சின்னச் சின்னக் கொக்கிகள் ஒவ்வொரு டிராயரையும் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான். கடைக்கு வருகிறவன் சும்மா டிராயரை இழுத்துப் பார்க்காமல் இருக்க அது போதும். பாரத்தைத் தாங்க அது செய்யப்படவே இல்லை.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சடன் பிரேக் அடித்தால் வண்டியில் இருக்கிற எந்தச் சாமானும் தன் எடையில் பாதிக்கு மேலான விசையோடு முன்னால் பாயும். 25 கிலோ சாக்கெட் இருக்கும் டிராயர் 12 கிலோவுக்கு மேலான விசையோடு கொக்கியை இழுக்கும். அப்படி ஐந்து டிராயர் என்றால் 60 கிலோவுக்கு மேல், எல்லாம் அந்த ஒரே தகட்டின் மேல். ஒரு தடவை என்றால் தாங்கிவிடும். அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி என்று வழிநெடுகக் குழிக்குக் குழி சுத்தியலால் அடிப்பதுபோல் அடி விழுந்தால்? கொக்கி கொஞ்சம் கொஞ்சமாக நெளியும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. டிராயர்கள் மூடியேதான் இருக்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. பார்வதிபுரம் வரை டிராலி அசையாமல் வந்து சேர்ந்தது. எனக்கு ஒரே பெருமை. 6 அடிப் பலகையைச் சரித்து வைத்து, நான் மேலேயும் உதவிக்கு வந்த பையன் பக்கவாட்டிலுமாக நின்று இறக்கினோம். பாதி வழியில் கீழ்ப்பக்கத்துச் சக்கரம் பலகை இடுக்கில் மாட்டியது. டிராலி கால்வட்டம் சுழன்று, டிராயர் முகப்பு பள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நெளிந்த கொக்கிகள் கைவிட்ட சத்தம். ஏழு டிராயரும் ஒன்றாக வெளியே நீண்டன.

ஒரு டிராயர் மட்டும் திறந்தால் பெட்டி சமாளித்து நிற்கும். எல்லாம் ஒன்றாக நீண்டால் பாரம் முழுவதும் சக்கரத்தைத் தாண்டி முன்னால் போய்விடும். சமதரையிலேயே அது குப்புறக் கவிழும், சரிவில் கேட்கவே வேண்டாம். பையன் துள்ளி விலகினான். அவன் கால் இருந்த இடத்துக்கும் பெட்டி விழுந்த இடத்துக்கும் ஒரு சாண்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

மூன்று டிராயரின் ஸ்லைடு, அதாவது டிராயர் ஓடும் பட்டை, வளைந்தது. பெட்டியின் சட்டமே கோணிக்கொண்டதால் நாலாவது டிராயர் அதற்குப் பிறகு ஒருநாளும் முழுதாக மூடியதில்லை. சாக்கெட்டெல்லாம் உருண்டு ரோட்டோர ஓடைக்குள் போயின. பொறுக்கிக் கழுவி எண்ணினால் 10 எம்.எம். சாக்கெட் மட்டும் இல்லை. எப்போதும் தொலைவது அதுதானே.

சரி, என்ன செய்ய வேண்டும்? காலி பண்ணுங்கள். முதலில் ஒவ்வொரு டிராயரையும் திறந்து மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப அடுக்கும் நேரம் பாதியாகும். சாமானைப் போட 20 லிட்டர் பெயிண்ட் வாளியைப்போல் வசதியான பொருள் வேறில்லை. ஆனால் விளிம்பு வரை நிரப்பாதீர்கள், கைப்பிடிக் கம்பி பிய்த்துக்கொண்டு வரும். பால் பேரிங் ஸ்லைடு என்றால் டிராயரையே கழற்றிவிடலாம். இருபக்கமும் கறுப்பாக ஒரு நாக்கு இருக்கும். பெரும்பாலும் ஒன்றை மேலே தூக்கி மற்றதைக் கீழே அழுத்தி இழுத்தால் டிராயர் கையோடு வந்துவிடும். சின்ன ஸ்பேனர் இருக்கும் டிராயரை அப்படியே தட்டுபோல் தூக்கிக்கொண்டு போகலாம். எது எந்த இடத்து டிராயர் என்று பின்பக்கம் சாக்பீஸால் எண் போட மறக்காதீர்கள்.

டிராயர் உள்ளேயே இருக்கட்டும் என்றால், காலியான பிறகும் பூட்டை மட்டும் நம்பாமல் முகப்பில் ஒரு பழைய கம்பளியைப் போர்த்தி, குறுக்கே பெல்ட் போடுங்கள். வண்டியில் வைக்கும்போது டிராயர் முகப்பு கேபினைப் பார்த்து, நடுவில் ஒரு பிளைவுட் துண்டோடு ஒட்டி நிற்கட்டும். பிரேக் அடித்தால் டிராயர் போக இடமே இருக்காது.

சக்கரத்தின் மேலேயே நிறுத்திவைப்பது

"பிரேக் போட்டிருக்கேன்" என்பார்கள். அந்தப் பிரேக் சக்கரம் உருளாமல்தான் தடுக்கும். நாலில் இரண்டு சக்கரம் திரும்பும் வகை. உருளாவிட்டாலும் அவை தன் அச்சில் சுழலும். சக்கரம் சுழலச் சுழல பெட்டி அரை அங்குலம் அரை அங்குலமாக நகரும், பெல்ட் தளரும். தளர்கிறதே என்று பெல்ட்டை இன்னும் முறுக்கினால் அந்த அழுத்தம் முழுவதும் சக்கரத்தின் தகட்டிலும் நாலு சின்ன போல்ட்டிலும்தான் இறங்கும். கடைக்கு வந்து தள்ளிப் பார்க்கும்போது டிராலி ஒருபக்கமாகக் கோணலாக ஓடினால் காரணம் இதுதான்.

பெட்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே இரண்டு ரீப்பர் கட்டைகளைக் கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். கட்டைக்கு அடியில் பழைய லாரி டியூபை வெட்டிப் போட்டால் வழுக்காது. அப்புறம் பெல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் கவலையில்லை.

குட்டியானையின் பக்கப்பலகை ஓரடி உயரம்தான். டிராலி மூன்றடிக்கு மேல். பலகை தாங்கிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள், அது முழங்காலில் பிடித்து ஆளை நிறுத்தப் பார்ப்பது மாதிரி. பெல்ட் மேலிருந்து நாலு மூலைக்கும் இறங்க வேண்டும்.

கயிறு

நைலான் கயிறு நீளும், நனைந்தால் இன்னும் நீளும். கயிற்றுத் தொழில் நடக்கும் ஊர்க்காரன் சொல்கிறேன், தென்னங்கயிறும் இதற்கு ஆகாது. பிடியை ஆட்டி முறுக்கி இறுக்கும் ராட்செட் பெல்ட் இரண்டு வாங்குங்கள். எவ்வளவு பாரம் தாங்கும் என்ற சீட்டு தைக்காத பெல்ட்டை வாங்காதீர்கள். 5 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒரு தடவை முறுக்கிப் பாருங்கள்.

படுக்கவைப்பது

காலிப் பெட்டி என்றால் முதுகுப்பக்கம் படுக்கவைக்கலாம். முகப்பு கீழே பார்த்து, ஒருபோதும் வேண்டாம்.

கைப்பிடி

தள்ளுவதற்கு. தூக்குவதற்கு இல்லை.

மேல்பெட்டி

டிராலிக்கு மேலே தனிப் பெட்டி இருந்தால் கழற்றுங்கள். நாலு போல்ட்தான்.

டார்க் ரெஞ்ச்

போல்ட்டைச் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கும் இந்த ரெஞ்ச் டிரைவர் சீட்டுப் பக்கத்தில், துணியில் சுற்றி, உங்களோடு வரட்டும். 'கிளிக்' வகை என்றால் ஸ்பிரிங்கை அதில் குறித்திருக்கும் ஆகக் குறைந்த அளவு வரை தளர்த்திவிடுங்கள். அன்று பெட்டியோடு விழுந்த என் ரெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. அதை நம்பி ஒரு இன்ஜின் ஹெட் போல்ட் முறுக்கி, மரை உரிந்து, அந்த வேலைக்கு நான் கைக்காசு போட வேண்டியிருந்தது. கீழே விழுந்த ரெஞ்சை அளவு சரிபார்க்காமல் தொடாதீர்கள்.

குலசேகரம் பையனின் கயிற்றை அவிழ்த்து, பெட்டியைக் காலி பண்ண 50 நிமிடம் ஆனது. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தான். புதுக் கடையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கி எண்ணிப் பார்த்தால் 10 எம்.எம். இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "அது போன வருஷமே தொலஞ்சிட்டு அண்ணாச்சி" என்றான்.