சீரமைத்த பின் எது நல்ல படம்? பிளாஸ்மாவையும் எல்சிடியையும் வீட்டிலேயே ஒப்பிடும் முறை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து வீடுகளில், வெளிநாட்டிலுள்ள உறவுகள் அனுப்பியதாகவோ கொழும்பிலிருந்து கைமாறி வந்ததாகவோ ஒரு பழைய பிளாஸ்மாத் தொலைக்காட்சி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் காணலாம். பனசோனிக் 2013 டிசம்பரிலும், சாம்சங், எல்ஜி ஆகியவை 2014 முடிவதற்குள்ளும் பிளாஸ்மாத் திரை செய்வதை நிறுத்திவிட்டன. ஆகவே அதை விற்றுவிட்டுப் புதிய எல்ஈடி வாங்குவதா, வைத்திருப்பதா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. இதற்குக் கடையில் விடை கிடைக்காது. கடையில் ஓடும் பெட்டிகள் பகல் வெளிச்சத்தை வெல்லும்படி கூடிய பிரகாசத்திலும் நீலம் கலந்த வெள்ளையிலும் வைக்கப்பட்டிருக்கும். அங்கே கண்ணைப் பறிப்பது அந்த அமைப்பே தவிர திரையின் தரம் அன்று. எல்ஈடி என்று விற்கப்படும் சாதாரணப் பெட்டிகளும் எல்சிடியே என்பதையும், திரைக்குப் பின்னாலுள்ள விளக்கு மட்டுமே மாறியிருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

சீரமைப்பு என்பது, படத்தை உருவாக்கியவர் தம் திரையில் கண்ட அளவுகளுக்கு நம் திரையையும் கொண்டுவருவதாகும். வெள்ளை 6500 கெல்வின் நிறவெப்பத்தில் இருக்க வேண்டும். நிறங்கள் எச்டி ஒளிபரப்புக்குரிய பிடி.709 என்ற தரநிலையின் எல்லைக்குள் அமைய வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஏறும் காமா வளைவு, இருட்டறைக்கு 2.4 அளவிலும் வெளிச்சமுள்ள அறைக்கு 2.2 அளவிலும் இருப்பது வழக்கம். இரண்டு பெட்டிகளையும் இந்த ஒரே இலக்குக்குக் கொண்டுவந்த பிறகு எஞ்சி நிற்கும் வேறுபாடுதான் திரையின் உண்மையான வேறுபாடு.

முதலில் இரண்டு பெட்டிகளையும் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். படத் தெரிவை 'சினிமா' அல்லது 'மூவி' என்பதற்கு மாற்றி, டைனமிக் கொன்ட்ராஸ்ட், சூழல் ஒளி உணரி, இரைச்சல் நீக்கி, அசைவை மிருதுவாக்கும் வசதி ஆகிய அனைத்தையும் அணைத்துவிடுங்கள். இவற்றில் ஒன்று இயங்கினாலும் நீங்கள் வைக்கும் அளவு காட்சிக்குக் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். சோதனைப் படங்களுக்கு, இலவசமாகக் கிடைக்கும் ஏவிஎஸ் எச்டி 709 தொகுப்பின் எம்பி4 வடிவத்தைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டால் போதும். இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே பிளேயரை எச்டிஎம்ஐ வழியாக, முடிந்தால் ஒரே சமிக்ஞையை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டரின் துணையுடன் இணையுங்கள். மடிக்கணினியை இணைப்பவர்கள் அதன் வெளியீடு (கறுப்பு முதல் வெள்ளை வரையான ஒளி அளவுகளைக் குறிக்கும் எண்கள்) 16 முதல் 235 வரையான வீச்சிலா, 0 முதல் 255 வரையான வீச்சிலா என்பதைப் பார்த்து, பெட்டியின் உள்ளீட்டையும் அதே வீச்சில் வைக்க வேண்டும். இது பொருந்தாவிட்டால் கறுப்பு சாம்பலாகும், அல்லது நிழற்பகுதி முழுவதும் கறுப்பில் அமிழ்ந்துபோகும்; அந்தக் குறையைத் திரையின் தலையில் கட்டுவது தவறு.

பிரைட்னஸ் என்று மெனுவில் இருப்பது உண்மையில் கறுப்பின் அளவு. கறுப்புச் சோதனைப் படத்தில் 16 வரையான பட்டைகள் மறைந்து, 17, 18 என்பவை மிக மெல்லத் துடிக்கும் இடத்தில் அதை நிறுத்துங்கள். கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டிச் சென்று, வெள்ளைச் சோதனைப் படத்தில் 234 வரையான பட்டைகள் பிரிந்து தெரியும் எல்லையில் விடுங்கள். வெள்ளையில் இளஞ்சிவப்போ நீலமோ ஏறத் தொடங்கினால் சிறிது குறையுங்கள். நிறவெப்பத்தை 'வார்ம்' தெரிவில் வையுங்கள். முதல் நாள் படம் மஞ்சளாகத் தோன்றும். நீல வெள்ளைக்குப் பழகிய கண் அடங்கச் சில நாட்கள் எடுக்கும். ஷார்ப்னஸை, எழுத்துகளின் ஓரத்தில் வெள்ளைக் கரை மறையும் வரை குறையுங்கள். நீலக் கண்ணாடித் தாளால் பார்த்து நிறத்தை வைக்கும் பழைய முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன். எல்ஈடி விளக்கில் அது பெரும்பாலும் பிழைக்கும். 'மூவி' தெரிவில் நிறுவனம் வைத்த நிற அளவை அப்படியே விடுவது நல்லது. திரையின் ஒளியையும் நிறத்தையும் அளக்கும் கருவியான அளவி வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு செய்விப்பதாயின், பிளாஸ்மாவுக்கும் எல்ஈடிக்கும் தனித்தனித் திருத்தக் கோப்பைப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள். இரண்டின் ஒளி அலைமாலையும் வேறு என்பதால், ஒரே திருத்தத்தில் எடுத்த அளவுகளை ஒப்பிட முடியாது.

இனி வருவது பலரும் தவறவிடும் கட்டம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு திரைகளின் வெள்ளையும் ஒரே பிரகாசத்தில் இருக்க வேண்டும், ஏனெனில் சற்றே பிரகாசமான படத்தை மனிதக் கண் பெரும்பாலும் 'நல்ல படம்' என்றே தெரிவு செய்யும். ஆனால் பிளாஸ்மாவில் திரை முழுவதும் வெள்ளையானால் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் சுற்று தானாகவே பிரகாசத்தைக் குறைத்துவிடும். ஆகவே முழு வெள்ளைத் திரையில் சமப்படுத்தாமல், திரையின் பத்தில் ஒரு பங்கு அளவான வெள்ளைச் சதுரத்தைக் கொண்டு சமப்படுத்துங்கள். அளவி இருந்தால் சதுர மீற்றருக்கு 100 கண்டேலா (பிரகாசத்தின் அலகு) அளவை நாடலாம். ஒளிப்பதிவுக்கூடத் திரைகளின் அளவும் அதுவே. இல்லாவிட்டால் கைத்தொலைபேசிக் கமராவில் ஐஎஸ்ஓவையும் ஷட்டரையும் கையால் நிலைநிறுத்தி, ஷட்டரைப் பத்தில் ஒரு விநாடிக்கு வைத்து, தாங்கியில் நிறுத்தி, இரண்டு சதுரங்களையும் படமெடுத்துப் பாருங்கள். வேகமான ஷட்டர் பிளாஸ்மாவின் துடிப்பில் பாதியை மட்டும் பிடித்து உங்களை ஏமாற்றிவிடும். எல்சிடியில் கொன்ட்ராஸ்ட்டைத் தொடாமல் பேக்லைட்டை (பின்விளக்கை) மட்டும் குறைத்து, பிளாஸ்மாவின் அளவுக்கு இறக்குங்கள்.

இப்போது இரவில், ரியூப் லைற்றை அணைத்து, இருட்டுக் காட்சிகளைப் போடுங்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் இரவில் எடுத்த வீடியோ ஒன்று நம் வீடுகளில் எளிதில் கிடைக்கும். இதைவிடக் கடினமான சோதனை வேண்டியதில்லை. விளக்கொளியில் நிற்பவரின் வெள்ளைச் சட்டை, அவருக்குப் பின்னால் பாதி நிழலில் நிற்கும் முகங்கள், அதற்கும் பின்னால் வானம் என மூன்று படிகள் அதில் இருக்கும். பிளாஸ்மாவின் ஒவ்வொரு கண்ணறையும் தானே ஒளிர்வது. உள்ளிருக்கும் நியோன், செனன் வாயுவில் மின்னிறக்கம் நிகழ்ந்து, அதன் புறஊதா ஒளி பொஸ்பர் என்ற ஒளிரும் பூச்சைத் தாக்கும்போதுதான் அது ஒளிரும். ஆகவே வானம் கறுப்பாயிருக்கும்போதே விளக்குச் சுடர் முழு ஒளியோடு நிற்கும். எல்சிடியில் பின்விளக்கு எந்நேரமும் எரிகிறது; திரவப் படிகம் மூடினாலும், சாத்திய கதவின் இடுக்கால் வெளிச்சம் கசிவதுபோல் கொஞ்சம் ஒளி கசியும். எல்சிடித் திரைகளில் ஐபிஎஸ், விஏ என இரு முக்கிய வகைகள் உண்டு; ஐபிஎஸ் திரை வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே ஏறத்தாழ 1000க்கு 1 என்ற ஒளிவேறுபாட்டைத் தர, விஏ வகை 3000க்கு 1 அல்லது அதற்கு மேலும் தரும். ஐபிஎஸ் திரையில் அந்த வானம் சாம்பலாக, மூலைகளில் வெளிறித் தெரிவதை ஒரு பார்வையிலேயே காண்பீர்கள். நிழலில் நிற்கும் கறுத்த முகங்களில் கன்னமும் நெற்றியும் பிரிந்து தெரிகின்றனவா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். பிளாஸ்மாவுக்கும் ஒரு குறை உண்டு: அருகே சென்று பார்த்தால் அந்த நிழல்களில் நுண்மணல் போன்ற புள்ளிகள் அசையும். பத்தடி தள்ளி அமர்ந்தால் அது தெரியாது.

பகலில் கதை மாறிவிடும். விறாந்தைக் கதவும் யன்னலும் திறந்திருக்கும் வீட்டில், பிளாஸ்மாவின் முன்கண்ணாடி வெளிமுற்றத்தையே காட்டும். வெளிச்சம் பட்ட பொஸ்பர் கறுப்பையும் சாம்பலாக்கிவிடும். அப்போது பளபளப்பற்ற மேற்பரப்புள்ள எல்சிடியில் பேக்லைட்டைக் கூட்டினால் படம் தெளிவாக நிற்கும். பகலுக்கென்று வேறொரு படத் தெரிவைச் சேமித்து வைப்பது அவசியம்.

நம் வீடுகளில் பெட்டி அலுமாரிக்கு மேலே உயரத்தில் இருக்கும், பிள்ளைகள் பாயில் அமர்ந்திருப்பார்கள், அயலவர் வாசற்படியில் நின்று பார்ப்பார்கள். இந்த இடங்களிலிருந்தும் பாருங்கள். விஏ திரையில் பக்கவாட்டில் நிறம் வெளிறும்; ஐபிஎஸ் பெரும்பாலும் தாங்கும்; பிளாஸ்மா எங்கிருந்து பார்த்தாலும் மாறாது. விஏ திரைதான் உங்கள் தெரிவாயின், பெட்டியைத் தாழ்த்திச் சற்று முன்பக்கம் சாய்த்து வையுங்கள்.

அசைவுக்குச் செய்தி அலைவரிசையில் கீழே ஓடும் வரியே போதும். எழுத்தின் மேலுள்ள புள்ளியைக் கண்ணால் தொடருங்கள்: பிளாஸ்மாவில் அது வட்டமாகவே நிற்கும், சாதாரண எல்சிடியில் பக்கவாட்டில் நீண்டு மங்கும். மறுபுறம், வெள்ளைப் பொருள் கறுப்புப் பின்னணியில் விரையும்போது பிளாஸ்மாவில் மெல்லிய மஞ்சட்பச்சை வால் ஒன்று தெரியலாம். நிறத்துக்குத் திருமண வீடியோவில் கூறைச் சேலையைப் பாருங்கள். சிவப்பு மிகையானால் மடிப்புகள் ஒன்றாகிச் சரிகை மட்டும் மிஞ்சும். சரியாகச் சீரமைத்த இரண்டு திரைகளிலும் இந்த மடிப்புகள் ஏறத்தாழ ஒரே மாதிரித் தெரியும். நிறத்தில் எஞ்சும் வேறுபாடு மக்கள் நினைப்பதைவிடக் குறைவு.

இரவில் படம் பார்ப்பதே வழக்கமென்றால் நல்ல நிலையிலுள்ள பிளாஸ்மாவை விற்க வேண்டாம் என்பது என் கருத்து. பகல் முழுவதும் ஓடும் வீட்டுக்கும், இன்வேர்ட்டரில் ஓடவேண்டிய வீட்டுக்கும் எல்சிடிதான் பொருந்தும். அதே அளவுள்ள எல்ஈடியைவிடப் பிளாஸ்மா பல மடங்கு மின்சாரம் இழுக்கக்கூடும், எனவே பின்புறத்து வாட் அளவை முதலில் பாருங்கள்.

பழைய பிளாஸ்மாவை வாங்குபவர்கள் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒருநிறத் திரைகளைப் போட்டு, மூலைகளில் அலைவரிசைச் சின்னத்தின் நிழல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால், திரையை நிறைக்கும் அசையும் படத்தை சில மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் பாருங்கள். மறைந்துவிட்டால் அது தற்காலிகப் பதிவு. மறையாவிட்டால் பொஸ்பர் தேய்ந்துவிட்டது. அதை எந்தச் சீரமைப்பும் சரிசெய்யாது, அந்தப் பெட்டியை மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.