புதிதாகக் கத்தி அடிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

களுவாஞ்சிக்குடியில் பெரியப்பாவின் பட்டறையில் நான் முதன்முதலாக அடித்த வெட்டுக்கத்தி, முற்றிய தேங்காய் ஒன்றில் இரண்டாவது வெட்டிலேயே ஒடிந்தது. பெரியப்பா ஏசவில்லை. ஒடிந்த வாயை வெயிலில் பிடித்து, "பார் மகன், சீனியைப் போல மினுங்குகிறது. உலையில் வைத்துவிட்டுப் பராக்குப் பார்த்திருக்கிறாய்" என்றார்.

நல்ல கத்தியின் முறிவு சாம்பல் நிறத்தில், மாவைப் போல நுணுக்கமாக இருக்கும். சூடு மிஞ்சினால் உருக்கின் உள்ளிருக்கும் நுண்மணிகள் பருத்து, ஒன்றையொன்று பற்றும் வலு குறைந்துவிடும். பொரி பறக்கும் வெள்ளைச் சூடு வந்துவிட்டால் அந்த உருக்கு எரிந்துவிட்டது. வெட்டி எறிய வேண்டியதுதான். நிறம் பிழைக்கக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். நம் ஊர் உச்சி வெயிலில் செம்மஞ்சளும் மங்கல் சிவப்பாகத் தோன்றும். உலையை இருட்டு மூலையில் வையுங்கள். அடித்து முடித்ததும் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால் பருத்த மணிகள் மீண்டும் நுணுகும். இதை வேலையற்ற வேலை என்று விடுபவர்களே அதிகம்.

காய்ச்சிய கத்தியைக் கடினமாக்க எண்ணெயில் தோய்க்கும்போது கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஏறத்தாழ 770 பாகை செல்சியஸில் உருக்கில் காந்தம் ஒட்டாது. அதற்குமேல் சற்றே சிவப்பேற விட்டு, உடனே எண்ணெயில் இறக்குங்கள். லொறி வில்லுத்தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அது வெடிப்பு. சமையல் எண்ணெயை 50 பாகைக்குச் சூடாக்கி, உயரமான இரும்புப் பாத்திரத்தில் நிரப்பி, தீப்பற்றினால் மூட ஒரு மூடியும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாயை முன்பே கூராக்கியிருந்தால் அது வளைந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் தடிப்பாவது விடுங்கள்.

தோய்த்த கத்தி கண்ணாடிக்குச் சமம். அன்றைக்கே போறணையில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வைக்கோல் நிறம் ஏறினால் பதம் சரி. களைப்பில் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று நான் வைத்த கத்தியொன்று, மேசையிலிருந்து விழுந்தே இரண்டானது.

இரும்பைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். கட்டடக் கம்பியில் காபன் குறைவு. என்ன செய்தாலும் கூர் நிற்காது. வில்லுத்தகட்டில் சுமார் 0.6 வீதம் உண்டு. ஆனால் பழைய தகட்டில் மயிரிழை வெடிப்புகள் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெய் பூசித் துடைத்துச் சுண்ணாம்பைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு ஈரக்கோடாகத் தெரியும். நாகம் (துத்தநாகம்) பூசிய எதையும் உலையில் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

கடைசியில் கிரைண்டரில் தீட்டும்போது, வெறும் விரலால் பிடிக்க முடியாத சூடு வருமுன் தண்ணீரில் தோய்த்தெடுங்கள். வாயில் நீலம் ஏறிவிட்டால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து மறைக்கலாம். பதம் வேண்டுமானால் கத்தி மீண்டும் உலைக்குத்தான் போக வேண்டும்.