நெஷெத் எர்தாஷைக் கேட்கத் தொடங்குவது எப்படி

துருக்கியின் நாட்டார் இசைக்குள் நுழைபவர்கள் நெஷெத் எர்தாஷ் என்ற பெயரை வெகு சீக்கிரத்தில் சந்திப்பார்கள். தாமே எழுதி, மெட்டமைத்து, சாஸ் என்னும் நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியத்தை மீட்டிப் பாடிய அவருடைய பதிவுகள் இணையத்தில் ஏராளமாகக் கிடைப்பதால், எதை முதலில் கேட்பது என்பதே குழப்பமாகிவிடுகிறது. அதிகம் பேர் கேட்ட பாடலிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இனிமையாக இருந்தது, ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை. அவரிடம் போகும் முன் அவருடைய தந்தையின் பாட்டைக் கேட்டுவிடுங்கள்.

தந்தை முஹர்ரெம் எர்தாஷ், துருக்கியின் நடு அனத்தோலியாவில் கிர்ஷெஹிர் பகுதியைச் சேர்ந்த அப்தால் சமூகத்தவர். திருமண வீடுகளில் வாசித்துப் பாடுவதைப் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட இவர்களை நம் சொல்லில் பாணர் எனலாம். விழாவுக்கு இவர்கள் இல்லாமல் முடியாது, ஆனால் ஊரார் இவர்களைத் தமக்குச் சமமாக வைத்ததும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் அரசு நாடோடிக் குடிகளை வலுக்கட்டாயமாக ஓரிடத்தில் குடியமர்த்த முயன்ற காலத்தைப் பாடும், நாட்டார் கவிஞர் தாதாலோலுவின் பாடல் ஒன்று முஹர்ரெமின் குரலில் கிடைக்கிறது. அவர் பெயரோடு அவ்ஷார் என்ற குடிப்பெயரையும் சேர்த்துத் தேடினால் எளிதில் அகப்படும்.

அதை மூன்று முறையாவது கேளுங்கள். முதல் முறை குரலை மட்டும் பின்தொடருங்கள். பொஸ்லாக் எனப்படும் இவ்வகைப் பாட்டுக்குத் தாளக் கட்டு இல்லை. நம் விருத்தத்தைப் போலச் சொல்லின் மூச்சே அதன் அளவு. ஆனால் பாடகர் கீழிருந்து மெல்ல மேலேறுவதில்லை. எடுத்த எடுப்பிலேயே உச்சியில் ஓர் அலறலாகத் தொடங்கி, அங்கேயே நின்று நடுங்கி, பிறகு படிப்படியாக இறங்கி அடிச் சுரத்தில் வந்து அமர்கிறார். அடுத்த முறை குரலை விட்டுவிட்டுச் சாஸை மட்டும் கவனியுங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் அது என்ன செய்கிறது என்று பார்த்தால், அது பக்கவாத்தியம் அல்ல, பாடலின் மறுபாதி என்பது புரியும். மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது மகனிடம் வரலாம். 1938-இல் கிர்ஷெஹிரின் கிர்தில்லார் சிற்றூரில் பிறந்த நெஷெத், சிறுவயதிலேயே தாயை இழந்து, தந்தையோடு கல்யாண வீடு கல்யாண வீடாக அலைந்து வளர்ந்தவர். 1957-இல் இஸ்தான்புல்லில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டிலும் ஒலித்தது தந்தையின் பாடலே. தந்தையைக் கேட்டுவிட்டு வந்த காதுக்கு மகன் எதை மாற்றினார் என்பது தெளிவாகக் கேட்கும்: பொஸ்லாக்கின் அந்த அலறலை அவர் காதலுக்கும் தனிமைக்கும் உரிய ஒரு முறையீடாகத் தணித்தார்.

'நெரெதேசின் சென்', அதாவது 'எங்கே இருக்கிறாய் நீ' என்ற பாடலிலிருந்து தொடங்குவது நல்லது. இது தாளம் உள்ள 'கிரிக் ஹவா' வகை என்பதால் புதியவருக்கும் பிடி கிடைக்கும். பிறகு 'கொனுல் தாஇ', 'மனமெனும் மலை'. தாளமற்ற 'உஸுன் ஹவா' வகைக்கு, குறிப்பாகப் பொஸ்லாக்குகளுக்கு, அதன் பின்னரே போகலாம். துருக்கி எழுத்துகளின் வால்களையும் புள்ளிகளையும் தட்டச்சு செய்ய வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். Neset Ertas, Gonul Dagi என்பதுபோல வெறும் ஆங்கில எழுத்துகளில் தேடினாலே போதும்.

மொழி தெரியாதவரும் கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. அவருடைய பாடல்கள் பலவற்றின் கடைசிக் கண்ணியில் 'கரிப்' என்ற சொல் வரும். ஏழை, அந்நியன், ஆதரவற்றவன் என்றெல்லாம் பொருள்படும் அச்சொல்லே அவருடைய முத்திரை. அது ஒலித்தால் வரிகள் அவருடையவை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இந்தச் சோதனை தேவைப்படுகிறது. ஏனெனில் மரபுப் பாடல்களும் தந்தையின் பாடல்களும் இணையத்தில் மகன் பெயரில் உலவுகின்றன.

1970-களின் பிற்பகுதியில் அவருடைய விரல்கள் செயலிழந்தன. வாசிப்பையே பிழைப்பாகக் கொண்டவருக்கு இதைவிடப் பெரிய இடி வேறென்ன? சிகிச்சைக்காக ஜெர்மனி சென்றவர் இருபது ஆண்டுகள் அங்கேயே தங்கிவிட்டார். தாய்நாட்டில் பலர் அவரை மறந்தும் போனார்கள். 2000-இல் இஸ்தான்புல் மேடையில் அவர் மீண்டும் தோன்றியபோது பழைய பாடல்கள் புதிய தலைமுறையிடம் போய்ச் சேர்ந்தன. அரசு வழங்க முன்வந்த 'அரசுக் கலைஞர்' பட்டத்தை, எல்லோருமே இந்த நாட்டின் கலைஞர்கள்தானே என்று சொல்லி மறுத்தவர் அவர். 2012 செப்டம்பர் 25 அன்று இஸ்மிரில் காலமானார். அவர் விரும்பியபடியே கிர்ஷெஹிரில் தந்தையின் காலடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஒரே பாடலின் 1960-களின் இசைத்தட்டுப் பதிவையும் 2000-க்குப் பிந்தைய மேடைப் பதிவையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள். உச்சியில் குரல் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தச் சொல்லில் இறங்கத் தொடங்குகிறது என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.