குளிரிலும் சூடேறும் கூட்டெரு: கந்தப்பளை லயத்துக் கொல்லையிலிருந்து

2021 மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது, நுவரெலியாப் பக்கம் கந்தப்பளையில் இருக்கும் எங்கள் வீட்டில் யூரியா அரை மூட்டைகூட இல்லை. லயத்துக்கு (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு) பின்னால் 10 பேர்ச்சில், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கில், லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்). கூட்டெரு போட்டுச் சமாளிக்கலாம் என்று இறங்கினேன். நவம்பரில் தடையையே தளர்த்திவிட்டார்கள், என் குவியல் மட்டும் மக்கவில்லை. மேலே போட்ட புல் புல்லாகவே கிடந்தது, அடியில் கறுப்புச் சேறு, நாற்றம் வேறு. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அந்த முறை இது.

முதலில் இடம். கான் (வடிகால்) ஓரம் வேண்டாம், மழைத் தண்ணீர் உள்ளே ஏறும். சற்று மேடான இடத்தில் கவ்வாத்து மிலாறை (தேயிலையில் வெட்டிப் போட்ட குச்சிகள்) ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி விடுங்கள். அடியிலிருந்து காற்றுப் போக அதுதான் வழி.

காய்ந்தது இரண்டு பங்கு, பச்சை ஒரு பங்கு. காய்ந்ததுக்கு மானா என்கிற உயரமான புல், போஞ்சிக் கொடி. பச்சைக்கு கான் ஓரப் புல், காட்டுச் சூரியகாந்தி, கோவாவின் வெளி இலை. எல்லாவற்றையும் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நடுநடுவே மாட்டுச் சாணம். வாடல் நோய் வந்த உருளைக்கிழங்குச் செடியையும் வேர் வீங்கிய கோவாவையும் போடவே வேண்டாம். யூகலிப்டஸ் இலை மக்க ஒரு யுகம் ஆகும், அதையும் விடுங்கள்.

நான் கோட்டைவிட்டது இனி வரும் இடத்தில்தான். தினமும் ஒரு கூடை குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருந்தேன். குவியல் முழங்கால் உயரம் தாண்டவில்லை. நம்ம ஊர்க் குளிரில் அவ்வளவு சின்னக் குவியல் உள்ளே பிறக்கும் சூட்டைப் பிடித்து வைக்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது 4 அடி வேண்டும். ஒரு கிழமை உரச்சாக்குகளில் சேர்த்து வையுங்கள், பிறகு ஒரே நாளில் அடுக்குங்கள்.

அடுத்தது ஈரம். சமவெளிக்காரர்கள் எழுதியதைப் படித்து அடுக்குக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே மழையில் நனைந்த புல்! ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் போதும். ஒழுகினால் காய்ந்த மானாப் புல்லைச் சேருங்கள். தென்மேற்கு மழைக் காலத்தில் நான் தண்ணீரே ஊற்றுவதில்லை.

மூடுவதற்கு பொலித்தீன் எனக்குப் பிடிக்காது, மூச்சு முட்டிவிடும். பழைய உரச்சாக்கைப் பிரித்துத் தைத்துப் போர்த்தி, ஒரு முழ உயரத்தில் சாய்வாகத் தகரம் கட்டினேன்.

அப்புறம் கம்பி. மூன்றடி இரும்புக் கம்பியைக் குவியலின் நடுவில் குத்தி விடுங்கள். மூன்றாம் நாள் உருவிப் பிடித்துப் பாருங்கள். முதல் இரண்டு குவியலிலும் கம்பி பீலித் (மலை ஊற்றுக் குழாய்) தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. மூன்றாவதில் என் அப்பாயிதான் (அப்பாவின் அம்மா) உருவினார். "ஐயோ, சுடுதுடா!" என்று கம்பியைக் கீழே போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் பிடித்து மறுபடி குத்தினார். கையில் பிடிக்க முடியாத அந்தச் சூடுதான் வேண்டும், 55 முதல் 65 பாகை செல்சியஸ். களை விதையும் அதில்தான் சாகும்.

சூடு குறையத் தொடங்கியதும் புரட்டுங்கள். எனக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருதடவை. வெளியே இருந்தது உள்ளே போகவேண்டும். இதற்கு மம்பட்டி வேண்டாம், தோட்டத்தில் மண் குத்தும், நீளப் பல் வைத்த முள்ளுதான் சரி. மம்பட்டியில் புரட்டினால் பாதி நேரம் சிக்கிய புல்லை இழுப்பதிலேயே போகும். மூக்கில் ஏறும் காரவாடை வந்தால் பச்சையோ சாணமோ கூடிவிட்டது. அழுகல் நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது. இரண்டுக்கும் காய்ந்த புல்தான் மருந்து.

எனக்கு மூன்றரை மாதம் ஆனது. மழை விட்ட காட்டு மண் வாசம் வந்தால் தயார். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் எருவில் முள்ளங்கி விதை போட்டுப் பாருங்கள், ஒழுங்காக முளைக்கவில்லை என்றால் இன்னும் வேகவில்லை. பத்தடிக்கு மூன்றடிப் பாத்திக்கு நான் இரண்டு வாளி போடுகிறேன். லீக்ஸுக்குக் கொஞ்சம் யூரியாவும் வைக்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை.

பிற்சேர்க்கை: டொலமைட்டையும் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் கல் தூள்) அடுப்புச் சாம்பலையும் குவியலிலேயே கலக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தேயிலை நின்ற மண் புளிப்பு மண், டொலமைட் வேண்டியதுதான். ஆனால் சாணத்தோடு சேர்த்தால் தழைச்சத்து வாடையாகப் பறந்துவிடும். டொலமைட்டை நடுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே தனியாக மண்ணில் போட்டுக் கிளறுங்கள். சாம்பல் ஒரு பிடி விழுந்தால் பரவாயில்லை. வாளி கணக்கில் கொட்டாதீர்கள்.

இன்னொருவர் வீட்டில் கோழிகள் குவியலைக் கலைத்துவிடுகின்றனவாம். எங்கள் வீட்டிலும் அதே கதைதான், பழைய மீன் வலையை நாலு பக்கமும் கட்டிய பிறகுதான் நின்றது.