வேலந்தாவளத்தில் விபத்து, கோவையில் வைத்தியம்: நஷ்ட ஈடு க்ளெய்ம் எங்கே கோட்டை விடப்படுகிறது?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ரோட்டில் அடிபட்டால் வீட்டார் கோவைக்கு விடச் சொல்வதுதான் எங்கள் ஊர் வழக்கம். உயிருக்கு அது நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒரே விபத்துக்கு இரண்டு மாநிலத்தில், இரண்டு மொழியில் காகிதம் எழுதப்பட்டுவிடுகிறது. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுத்தால் இன்சூரன்ஸ் வக்கீலுக்கு வேறு வேலையே இல்லை.

வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து நான் அதிகம் பார்த்த தவறு, கேஷுவாலிட்டியில் நடப்பது. டூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்பார். கூட வந்த மச்சான், போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டி வருமோ என்ற பயத்தில், "வண்டி சறுக்கி விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறும். நாம் ஏ.ஆர். காப்பி என்கிறோமே, அதுதான். நாலு மாதம் கழித்து, கே.எல். 09 (பாலக்காட்டு நம்பர்) கார் இடித்தது என்று மனு போட்டால், எதிர்த்தரப்பு முதலில் நீட்டுகிற காகிதமும் அதுதான். தேதி, நேரம், இடம், எந்த வகை வண்டி இடித்தது: இவ்வளவும் உள்ளபடி சொன்னால் போதும். நம்பர் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். யாரோ சொன்ன நம்பரை ஊகத்தில் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஏற்கெனவே தப்பாக எழுதியாகிவிட்டதா? அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள், அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பும். யார், எந்தப் பதற்றத்தில் அப்படிச் சொன்னார் என்பதைப் போலீஸ் வாக்குமூலத்தில் சீக்கிரமே பதிய வையுங்கள்.

அடுத்து, ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய்விட்டது, இனி எல்லாம் தானாக நடக்கும் என்று இருந்துவிடுவது. விபத்து கேரளத்தில் என்றால் விசாரணை விபத்து நடந்த இடத்து ஸ்டேஷனுக்குத்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். பதியலாம். கோவையில் பதிந்தாலும் அது பாலக்காட்டுப் பக்கம் மாற்றப்பட்டு, புது நம்பர் விழுந்ததா என்று பார்க்க வேண்டியது நாம்தான். கேரளத்தில் ஜி.டி. என்ட்ரி (ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்ததன் நகல்) கொடுத்து அனுப்புவார்கள். வண்டி ரிப்பேர் க்ளெய்முக்கு அது உதவும். காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்க அதை மட்டும் நம்பக் கூடாது.

அப்புறம், போலீஸ்காரர் "மொழி எடுக்கணும்" என்றால் குழம்ப வேண்டாம். மலையாளத்தில் மொழி என்றால் வாக்குமூலம். எங்கள் ஆட்களுக்கு மலையாளம் பேச வரும், பலருக்கு எழுத்து தெரியாது. படிக்கச் சொல்லிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். யார் கிழக்கே போனது, யார் குறுக்கே திரும்பினது என்பது மாறிப்போனால் தப்பு நம் தலையில் விழும். புகார் கொடுத்தவருக்கு எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுவது), இடத்தின் ஸ்கெட்ச், வண்டியைச் சோதிக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் ஆகியவற்றையும் வாங்கி வையுங்கள்.

போட்டோ விஷயத்தில் எல்லோரும் நொறுங்கிய பம்பரைத்தான் எடுக்கிறார்கள். வண்டி நின்ற இடம், டயர் தேய்ந்த தடம், நம்பர் பிளேட், பின்னால் தெரிகிற கடை போர்டு எல்லாம் ஒரே படத்தில் வர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எடுத்த நேரம் முதலிய விவரங்கள் போய்விடும். மூலப் படம் உள்ள போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். டிஜிட்டல் சாட்சியத்துக்கு பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கடைக்காரரின் சிசிடிவியில் பழைய பதிவு மேல் புதியது ஏறிவிடும், அதனால் அதை எடுக்கும்படி போலீசிடம் அந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

பில்லைப் பற்றி ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் தருகிற வழவழ தாள் சட்டைப்பையில் இருந்தே வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், மூலத்தையும் வையுங்கள். டாக்சி வாடகைக்கும் ரசீது கேளுங்கள்.

நஷ்ட ஈட்டு மனு போட 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் 6 மாதக் கெடு வந்திருக்கிறது. விபத்து நடந்த ஊர், நீங்கள் குடியிருக்கும் ஊர், எதிர்த்தரப்பு இருக்கும் ஊர் மூன்றில் ஒன்றில் போடலாம். கோவையில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு மனு) போடுவதாக இருந்தால் மலையாளக் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பை முன்னாலேயே தயார் செய்யுங்கள்.

கடைசியாக, சம்பாத்தியம். சித்தூர் தாலுகாவில் கள்ளிறக்குகிறவருக்குக் கணுக்கால் உடைந்தால் டாக்டர் சதவீதம் போட்டு ஊனச் சான்று தருவார். அந்தச் சதவீதம் கால் எவ்வளவு மடங்கவில்லை என்பதைச் சொல்லும், பிழைப்பு எவ்வளவு போனது என்பதைச் சொல்லாது. இந்த இரண்டும் வேறு வேறு என்று 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மேஜை வேலைக்காரருக்கு அது வெறும் நொண்டல். மரமேறிக்குத் தொழிலே போச்சு. அதனால் கள்ளுத் தொழிலாளர் நலநிதிப் பாஸ்புக், கூலி வந்த வங்கிக் கணக்கு எல்லாம் சேர்த்து வையுங்கள். வைத்தியம் பார்த்த டாக்டரையே சாட்சியாகக் கூப்பிட்டு, "இவர் இனி மரம் ஏற முடியுமா?" என்று வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமலே தீர்ப்பான வழக்குக் கட்டுகள் எங்கள் அலமாரியில் இருந்தன.